வாப்பா கண்ட மயில்மீன்

கடற்கரை ஊரிற் பிறந்தவர் அனைவரும் கடலை அறிந்தவர் ஆகார். யாம் நாகப்பட்டினத்திற் பிறந்து, அவ்வூரிலேயே வளர்ந்து, நெய்தல் திணைப் பாடல்களை ஆய்ந்து எம்.ஃபில். பட்டமும் பெற்றோம். ஆயினும் நாற்பத்தைந்து அகவை நிரம்பும் வரையில் அலைகளுக்கு அப்பால் ஒருநாளும் சென்றதில்லை. கடல்மீது யாம் மேற்கொண்ட முதற்பயணம் மலேசிய நாட்டில், வாடகைக்கு அமர்த்திய ஒரு தூண்டிற் படகில் நிகழ்ந்தது. அப்படகுக்கு முன்பணம் கட்டிய கதையையும், அதனால் யாம் தீர்க்க முயன்ற பழங்கடன் ஒன்றையும் இம்மலரின் வாயிலாக எம் மாணவச் செல்வங்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

கப்பற் கதை

எம் வாப்பா ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். 1968-ஆம் ஆண்டு, தம் இருபதாம் அகவையில், பிழைப்புத் தேடிப் பினாங்குக்குக் கப்பலேறினார். அக்கப்பல் 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பெற்று, 1973 வரையில் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய அம்முதிய கப்பலை அறியாத குடும்பம் நாகூர், நாகை வட்டாரத்தில் அன்று இல்லை எனலாம். கரையோரம் ஆழமின்மையால் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் சென்று ஏணியேறவேண்டும். வாப்பா மேல்தளப் பயணி. பாயும் தலையணையும் ஒரு தகரப்பெட்டியுமே அவருடைய உடைமைகள். பினாங்கில் ஒரு நாசிக் கண்டார் கடையில் எட்டாண்டுகள் உழைத்து, 1976-இல் 'சிதம்பரம்' கப்பலில் ஊர் திரும்பினார்.

அந்த முதற்பயணத்தில், நக்கவாரத் தீவுகளைக் கடந்த மறுநாட் காலையில், தாம் கண்ட ஒரு மீனைப்பற்றி அவர் அடிக்கடி சொல்வார். நக்கவாரம் என்பது இன்றைய நிக்கோபார். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 'மாநக்கவாரம்' என்று குறிப்பதும் அதனையே. அவன் கடாரம் நோக்கிச் செலுத்திய கலங்கள் சென்ற கடலும் அதுவே. அக்கடலில், கப்பலுக்கு இணையாக ஓர் ஆளுக்கும் நீளமான மீன் ஒன்று நீரை விட்டு எழும்பியதாம். அதன் மூக்கு ஈட்டி போல் இருந்ததாம். முதுகில் மயில் தோகை விரித்தாற்போல ஒரு பாய் விரிந்ததாம். மூன்று தரம் துள்ளி மறைந்ததாம். ஊரை விட்டு வந்த ஏக்கத்தில் இரண்டு நாளாகச் சோறு உண்ணாதிருந்த அவர், அன்று பகல்தான் உண்டாராம்.

சிறுவராய் இருந்தபோது இக்கதையை வாய்பிளந்து கேட்ட யாம், பட்டங்கள் பெறப் பெற நகைக்கத் தொடங்கினோம். 2003-ஆம் ஆண்டு எம் ஆய்வேட்டிற்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. அன்று பகல் எம் இல்லத்தில் தேர்வாளருக்கும் நெறியாளருக்கும் விருந்து. பேச்சு மீன்பற்றி எழவும், வாப்பா தம் கதையைத் தொடங்கினார். "முதுகுல மயில் தோகை மாதிரி..." என்று அவர் கையை விரித்த பொழுதில், யாம் குறுக்கிட்டு, "இஃது எங்கள் வாப்பாவின் கப்பற் கதை ஐயா. இதற்குச் சான்று கிடையாது" என்றோம். அனைவரும் சிரித்தனர். வாப்பாவும் சிரித்தார். விரித்த கையை மடக்கிக்கொண்டு, விருந்தினர்க்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து சென்றார்.

அதன்பின் இருபது ஆண்டுகள் அக்கதையை அவர் வாயால் யாம் கேட்டதில்லை. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின்னர், எம் தெருவில் கடல் என்னும் சொல்லே அரிதாயிற்று. வாப்பாவின் மௌனத்திற்கும் அதுவே காரணம் என்று எமக்கு யாமே சொல்லிக்கொண்டோம். உண்மைக் காரணம் அதற்கு ஓராண்டு முற்பட்டது என்பதை எம் நெஞ்சு அறியும்.

ஏலக் கூடத்தில்

2023 அக்டோபர் 14-இல், நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நாகைக்கு ஒரு பயணிகள் கப்பல் என்றதும், எழுபத்தைந்து வயதிலும் வாப்பாவுக்குக் கால் நிற்கவில்லை. அழைத்துச் சென்றோம். கப்பல் போனபின், திரும்பும் வழியில் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறும் ஓசை கேட்டது. அங்கே எம் பழைய மாணவர் ஒருவர் விசைப்படகு வைத்திருக்கிறார். "வாங்க ஐயா" என்று அவர் அழைக்க, உள்ளே சென்றோம்.

சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் அப்பால், சிமிட்டித் தரையில் தனியே ஒரு நெடிய மீன் கிடந்தது. ஈட்டி மூக்கு. ஈய நிறம். முதுகில் ஒரு பள்ளமும் அதனுள் மடித்துச் செருகிய கருந்துணி போன்ற ஏதோ ஒன்றும் தெரிந்தன. மாணவர் குனிந்து அதைப் பிடித்து இழுத்தார். குடை விரிவதுபோல, மீனின் உடலைக் காட்டிலும் உயரமான ஒரு பாய் விரிந்தது.

"மயில்மீன் ஐயா. இதைத் தேடி யாரும் போறதில்லை. சூரைக்கு விட்ட வலையில அதுவா வந்து மாட்டும்" என்றார்.

வாப்பா நெடுநேரம் நோக்கினார். பின்பு எம்மை நோக்காமலே, "இதுதான். ஆனா நிறம் போயிடுச்சு" என்றார்.

எமக்குத் தலை நிமிரவில்லை. எம் இல்லத்திலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில், எம் ஊர் மீனவர் நாள்தோறும் அறிந்த ஒரு மீனுக்கு யாம் சான்று கேட்டிருக்கிறோம். குறுந்தொகையின் 269-ஆம் பாடலில், சுறா தாக்கிய புண் ஆறியதும் தந்தை மீண்டும் பெருங்கடல் புகுகின்றான் என்று கல்லாடனார் கூறுவதை ஆய்வேட்டில் பொருள்விரித்து எழுதினோம். அச்சுறாவைக் கண்டவர் யார் என்று கேட்டோமா? ஏட்டில் இருந்ததால் நம்பினோம். எதிரில் அமர்ந்து சொன்னவரை நம்பவில்லை.

அன்றிரவே மயில்மீனைப்பற்றி நூல்களைத் தேடிப் படித்தோம். மூன்று மீட்டருக்கும் மேல் வளர்வது. நூறு கிலோ எடையைத் தொடுவது. வெப்பக் கடல்களில் எங்கும் திரிவது. கூட்டமாகச் சென்று மத்தி போன்ற சிறுமீன் திரளை வளைத்து, முறைவைத்து ஒவ்வொன்றாய்ப் புகுந்து, மூக்கால் அடித்து உண்பது. வேட்டையின்போது அதன் உடல் நீலமும் கருநீலமுமாய் ஒளிரும். இறந்தால் அந்நிறம் மங்கிவிடும். வாப்பா சொன்னது சொல்லுக்குச் சொல் சரி.

இன்னொன்றும் கண்டோம். இம்மீன் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் நீந்தும் என்று பல்லாண்டுகளாக நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வந்தன. 2016-ஐ ஒட்டி வெளிவந்த ஆய்வுகளோ, அதன் வேகம் அதிற் பாதியளவைத் தாண்டாது என்று காட்டின. கப்பற் கதை சொன்னது அச்சுப் புத்தகமே. எம் வாப்பா வேகத்தைப் பற்றி ஒன்றும் கூறியதில்லை.

முன்பணம்

நிறம் போகாத மயில்மீனை அவருக்கு மீண்டும் காட்டவேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. முதலில் மாணவரையே கேட்டோம். "மீன்பிடிப் படகுல பயணிகளை ஏத்த உரிமம் இல்லை ஐயா. ஒருதரம் போனா திரும்ப நாள் கணக்காகும். பெரியவர் தாங்கமாட்டார்" என்றார். அவர் சொன்னது நியாயம். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு.

மலேசியாவில் கிள்ளான் நகரில் வாழும் எம் தமக்கையின் மகன்தான் வழி சொன்னார். "மாமா, பகாங் மாநிலத்துல குவாலா ரொம்பின்னு ஒரு ஊர். மயில்மீனுக்குப் பேர் போன இடம். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைக்கும் நல்ல பருவம். படகை நாள் வாடகைக்குப் பேசலாம். காலையில போய் மாலையில திரும்பிடலாம்" என்றார். இந்தியர்க்கு நுழைவு அனுமதி வேண்டா என்று 2023 திசம்பர் முதல் மலேசியா அறிவித்திருந்ததும் வாய்ப்பாயிற்று.

படகு பேசுவது எளிதன்று. எத்தனை பேர் வந்தாலும் வாடகை படகு முழுமைக்கும் ஒன்றே. பாதி முன்பணம். காற்றும் மழையும் தடுத்தால் வேறு நாள் தருவர். யாம் போகாதிருந்தால் முன்பணம் திரும்பாது. இரையும் தூண்டிலும் மிதவைச் சட்டையும் அவர்கள் பொறுப்பு. அகப்படும் மயில்மீனைக் கடலிலேயே விட்டுவிடவேண்டும் என்பது நிபந்தனை.

படகோட்டியை மலாய் மொழியில் 'தெக்கோங்' என்பர். எம் மருமகன் தொலைபேசியில் மொழிபெயர்க்க, அவரிடம் யாமே பேசினோம். பயணியரின் வயதைக் கேட்டார். வாப்பாவின் வயதைச் சொல்ல ஒரு கணம் தயங்கினோம். மறுத்துவிடுவாரோ என்ற அச்சம். பின்பு உண்மையையே கூறினோம். மருத்துவர் இசைந்தால் அழைத்து வருக, நிழலில் அமர இடம் உண்டு என்றார். மீன் உறுதியாகக் கிடைக்குமா என்று கேட்டோம். மறுமுனையில் சிரிப்பொலி எழுந்தது. மருமகன் மொழிபெயர்த்தார்: "வாடகை படகுக்குத்தானாம் மாமா. மீனுக்கு இல்லையாம்."

சுயநிதிப் பிரிவில் பணியாற்றும் விரிவுரையாளர்க்கு இஃது எளிய செலவன்று. வாடகை ஒருபுறம், திருச்சியிலிருந்து இருவர்க்கு வானூர்திக் கட்டணம் ஒருபுறம். எம் துணைவியார் கட்டிவந்த சீட்டை எடுத்துக் கொடுத்தார். "இது வாப்பாவுக்குச் செய்ற செலவா, உங்களுக்குச் செய்ற செலவா?" என்று மட்டும் கேட்டார். யாம் விடை கூறவில்லை.

வாப்பாவிடம் சொன்னபோது முதலில் மகிழ்ந்தார். பின்பு, "பிடிச்சிட்டு விடுறதா? அப்ப எதுக்குப் பிடிக்கணும்? பார்த்தாப் போதுமே" என்றார். உண்ணாத மீனை வருத்துவது அவருக்குப் பொருந்தவில்லை. இதையும் தெக்கோங்கிடம் கேட்டோம். இரையின்றி மீன் மேலே எழாது; வளைந்த முனையுள்ள வட்டத் தூண்டில் பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டுமாதலால் மீன் பிழைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். "சரி. ஆனா நான் கழியைத் தொடமாட்டேன்" என்று வாப்பா இசைந்தார். அன்றே முன்பணம் அனுப்பினோம்.

கடல்மேல்

2024 செப்டம்பரில், மீலாது விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்துப் புறப்பட்டோம். ரஜூலா கப்பல் பல நாட்களில் கடந்த கடலை வானூர்தி நான்கு மணி நேரத்திற் கடந்தது. சாளரத்தின் வழியே வாப்பா கீழே பார்த்துக்கொண்டே வந்தார். முகில் அன்றி ஒன்றும் தெரியவில்லை.

குவாலா ரொம்பின் ஓர் ஆற்றுமுகத்தூர். காலை ஏழரை மணிக்குப் படகு ஆற்றைக் கடந்து தென்சீனக் கடலில் நுழைந்தது. தொலைவில் தியோமான் தீவு நீலமாய்த் தெரிந்தது. முதலில் சிறுதூண்டில்களால் உயிர் இரைக்கான மீன்களைப் பிடித்தனர். பின்பு ஆலாப் பறவைகள் எங்கே கூட்டமாய் வீழ்ந்து எழுகின்றன என்று நோக்கியவாறே ஓட்டினர். பறவைக்குக் கீழே சிறுமீன் இருக்கும். சிறுமீனுக்குக் கீழே மயில்மீன் இருக்கும்.

ஓரிடத்தில் நீருக்குள் தென்னோலைகள் கட்டித் தொங்குவது தெரிந்தது. 'உஞ்சாம்' என்று தெக்கோங் கூறினார். கல்லைக் கட்டி இறக்கி, ஓலையைத் தொங்கவிட்டால் அதன் நிழலுக்கு மீன் கூடுமாம். அதைக் கண்டதும் வாப்பா நிமிர்ந்து அமர்ந்தார்.

"நம்ம ஊர்ல கோலாவுக்கு இதைத்தான் செய்வாங்க" என்றார். வைகாசி, ஆனி மாதங்களில், பெரிய கட்டுமரங்களில் நெடுந்தொலைவு சென்று, இலைதழைகளைக் கட்டிக் கடலில் மிதக்கவிடுவர், பறவைக்கோலா மீன்கள் முட்டையிட அத்தழைகளைத் தேடி வரும், அப்போது அள்ளுவர், கோலாவைத் துரத்திக்கொண்டு பெருமீன்களும் வரும் என்று, தம் சிறுவயதில் மீனவ நண்பர்களின் தந்தையரிடம் கேட்டதை ஒவ்வொன்றாய்ச் சொன்னார். சென்னை மாகாணத்து மீன்வளத்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இக்கோலா வேட்டையைப்பற்றி 1923-இல் எழுதியிருப்பதை யாம் அறிவோம். அதனை மேற்கோள் காட்டியும் இருக்கின்றோம். அதே செய்தி எம் இல்லத்துத் திண்ணையில் நாற்பது ஆண்டுகளாக அமர்ந்திருந்ததை அறிந்தோமில்லை. குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினோம். சான்று கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு மேல் கடல் புரளத் தொடங்கியது. வாப்பாவுக்கு மயக்கமும் குமட்டலும் கண்டன. எலுமிச்சை நுகரக் கொடுத்து, முன்பகுதியின் நிழலில் படுக்க வைத்தோம். உறங்கிவிட்டார். திரும்பிவிடலாம் என்றோம். "கரைக்கு ஒன்றரை மணி நேரம். எழுப்பி ஆட்டி அலைக்கழிப்பதைவிட உறங்கட்டும்" என்றார் தெக்கோங்.

பகல் ஒன்றரை மணி இருக்கும். மருமகனின் கழி வளைந்தது. நூல் சீறிக்கொண்டு ஓடியது. ஐம்பது அறுபது முழத்துக்கு அப்பால் நீர் பிளந்தது. எழுந்தது மீன்.

யாம் இலக்கியம் கற்பிக்கும் தொழிலினர். ஆயினும் அக்கணம் எமக்குச் சொல் எழவில்லை. ஏலக் கூடத்தில் கண்ட ஈய நிறம் எங்கே, இந்த நீலம் எங்கே! விலாவில் ஒளிக்கோடுகள் எரிந்தன. பாய் முழுதும் விரிந்திருந்தது. ஒரு தரம் துள்ளியது. மீண்டும் ஒரு தரம் துள்ளித் தலையை உதறியது. நூல் தளர்ந்தது. தூண்டில் வெறுமனே திரும்பியது. எல்லாம் எண்ணிப் பத்து நொடிக்குள் முடிந்துவிட்டது. எம் கைப்பேசி, நீர் படாதிருக்கப் பைக்குள் வைத்தபடியே கிடந்தது.

கூச்சல் கேட்டு வாப்பா விழித்தார். "என்ன சத்தம் தம்பி?"

யாம் அவரருகே மண்டியிட்டு அமர்ந்து சொல்லத் தொடங்கினோம். எவ்வளவு நீளம் என்று சொல்லக் கைகளை விரித்தோம். நீலம் என்றோம், நீலமும் அன்று என்றோம். சொல்லிக்கொண்டே வருகையில், "முதுகுல மயில் தோகை மாதிரி..." என்று எம் வாய் கூறுவதை எம் செவியே கேட்டது. அங்கே நின்றுபோனோம். இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில்தான் அவரை யாம் நிறுத்தினோம். அவருக்குக் காட்ட வந்த மீனை அவர் காணவில்லை, யாம் கண்டுவிட்டோம். கண்டதற்கு எம்மிடம் ஒரு படமும் இல்லை.

வாப்பா மெல்ல எழுந்து கடலைப் பார்த்தார். அலைகள் தவிர அங்கு ஒன்றும் இல்லை.

"எத்தனை தரம் துள்ளுச்சு?"

"இரண்டு தரம் வாப்பா."

"நான் பார்த்தது மூணு" என்று சொல்லிச் சிரித்தார். பின்பு எம் முகத்தைக் கண்டாரோ என்னவோ, தோளில் கைவைத்து, "நீ பார்த்தேன்னு சொன்னா பார்த்ததுதான், தம்பி" என்றார்.

யாம் ஒருகாலத்தில் அவருக்குத் தர மறுத்ததை, அவர் எமக்குக் கேளாமலே தந்துவிட்டார். முகத்தைக் கடற்பக்கம் திருப்பிக்கொண்டோம்.

நான்கு மணி வரையில் காத்திருந்தோம். வேறு மீன் எழவில்லை. கரையேறியதும் எஞ்சிய பாதி வாடகையை எண்ணிக் கொடுத்தோம். மீன் அகப்படாததற்கு தெக்கோங் வருத்தம் தெரிவித்தார். வாடகை படகுக்குத்தானே என்று அவர் சொல்லையே அவருக்குத் திருப்பிச் சொன்னோம்.

நிறைவாக

அன்பு மாணவர்களே, சான்று கேட்கக் கூடாது என்று யாம் சொல்லவரவில்லை. சான்று கேட்பது ஆய்வின் முதற்பாடம். ஆயின், சான்று இல்லை என்று ஒருவரை நிறுத்துமுன், அதனைத் தேடும் உழைப்பை யாம் செய்தோமா என்று எம்மை யாமே கேட்டுக்கொள்ளவேண்டும். 2003-இல் எம் வாப்பா சொன்னதற்குச் சான்று மீன்பிடித் துறைமுகத்திற் கிடைத்திருக்கும். ஒரு காலை நடை போதும். அந்த நடையை யாம் நடக்கவில்லை. உங்கள் இல்லங்களிலும் கப்பலேறியவர்கள், வயலில் வரப்பமைத்தவர்கள், உப்பளத்தில் உழைத்தவர்கள் இருப்பர். விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு அவர்கள் அருகே அமருங்கள்.

ஊர் திரும்பிய அடுத்த வாரம், உறவினர் சிலர் நலம் விசாரிக்க வந்தனர். வாப்பா, இருபது ஆண்டுகளுக்குப் பின், தம் ரஜூலாக் கதையை எடுத்தார். நக்கவாரம் வந்தது, ஈட்டி மூக்கு வந்தது, கை விரிந்தது, மயில் தோகையும் விரிந்தது. யாம் வாயிற்படியருகே நின்று கேட்டோம். வந்திருந்தவர்களுள் ஓர் இளைஞர், "உண்மையாவா? படம் ஏதும் இருக்கா?" என்று வினவினார்.

வாப்பா எம்மைச் சுட்டி, "ஏன், என் மகனும் பார்த்திருக்கான்" என்றார்.

"ஆம். யாமும் கண்டோம்" என்றோம்.